பெரிய பாக்கெட் வாங்கியும் மளிகைச் செலவு குறையவில்லையே?

கேள்வி: வீட்டில் நான்கு பேர். வருமானத்தில் கால்வாசி மளிகைக்கும் காய்கறிக்குமே போய்விடுகிறது. மாதம் ஒருமுறை மொத்தமாக, பெரிய பாக்கெட்டாகப் பார்த்துத்தான் வாங்குகிறோம், தள்ளுபடியையும் விடுவதில்லை. அப்படியும் கடைசி வாரம் கையைக் கடிக்கிறது. கேஷ்பேக் தரும் கிரெடிட் கார்டுக்கு மாறலாமா?

பதில்: பில்லில் உள்ள விலையைவிட, உண்மையில் பயன்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதுதான் முக்கியம். 10 சதவீதத் தள்ளுபடியில் வாங்கிய பொருளில் பத்தில் ஒரு பங்கு வண்டு பிடித்தோ சிக்கு வாடை அடித்தோ குப்பைக்குப் போனால் மிச்சம் பூஜ்யம். 100 மதிப்புள்ளதை 90 கொடுத்து வாங்கி, 90 மதிப்புக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். மொத்தக் கொள்முதலில் லாபம் காணாமல் போகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்த நான்கு வாரத்துக்கு எல்லா பில்லையும் எடுத்து வையுங்கள். சோப்பு, துணிப்பவுடர், தரை துடைக்கும் திரவம் ஆகியவற்றைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். "மளிகை" என்று நாம் புலம்பும் தொகையில் இவையும் ஒளிந்திருக்கும். பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேலேயே தேதியை மார்க்கரால் எழுதுங்கள். ஒரு கிலோ சர்க்கரை 20 நாளில் தீர்ந்தால் மாதத் தேவை ஒன்றரை கிலோ. அடிக்கடி வாங்கும் இருபது பொருளுக்கு இந்தக் கணக்கு கிடைத்துவிட்டால், தள்ளுபடியில் எத்தனை பாக்கெட் எடுக்கலாம் என்பதற்கு ஊகம் தேவையில்லை.

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று நம்ப வேண்டாம். விலையை எடையால் வகுத்து, 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். எண்ணெயில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். லிட்டர் பாக்கெட்டும் கிலோ பாக்கெட்டும் ஒரே விலை என்றால், கிலோவில் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதல் எண்ணெய் கிடைக்கிறது. விலை மாறாமல் 500 கிராம் 450 ஆகச் சுருங்கியிருந்தால் அது 11 சதவீத விலையேற்றம். "இரண்டாவது பாதி விலை" என்பது மொத்தத்தில் 25 சதவீதத் தள்ளுபடிதான். அதுவும் இரண்டும் தேவைப்பட்டால்.

உங்கள் கடைசி வார நெருக்கடிக்கு வேறு காரணமும் இருக்கலாம். பால், காய், பழம் போன்றவற்றுக்கான பணத்தை நான்கு வாரத்துக்கு என்று பிரிக்கிறீர்களா? மாதத்தில் இருப்பது ஏறக்குறைய 4.3 வாரம். 100 ஒதுக்கி வாரம் 25 செலவழித்தால் 28ஆம் தேதியே பணம் தீர்ந்து, மீதி இரண்டு மூன்று நாள் அந்தரத்தில் நிற்கும். வாரம் 23 என்று வையுங்கள். கெட்டுப்போகும் பொருள்களை வாரம் ஒன்று அல்லது இரண்டு முறையாக வாங்குங்கள். மாதக் கொள்முதல் உலர்ந்த பொருளுக்கு மட்டும் போதும். ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இருக்கட்டும். புதிதாக வந்ததைப் பின்னால் வைத்து, பழையதை முன்னே இழுத்து வையுங்கள்.

ஆன்லைனில் "இலவச டெலிவரி"க்காகக் கூடையை நிரப்புவதும் ஒரு கசிவு. டெலிவரிக் கட்டணம் 40, அதைத் தவிர்க்கத் தேவையில்லாத 150க்கான பொருள் என்றால், கட்டணத்தைக் கொடுத்துவிடுவதே மேல்.

இனி கார்டு. 2 சதவீத கேஷ்பேக் தரும் கார்டில் நிலுவைக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால், பாக்கியை ஒரே ஒரு மாதம் இழுத்தாலே ஆதாயம் போய், கையிலிருந்தும் போகும். ஆண்டுக் கட்டணத்தை 50ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்த அளவுக்குச் செலவு செய்த பிறகுதான் 2 சதவீதம் உங்களுக்கு மிஞ்சத் தொடங்கும். கேஷ்பேக்குக்கு மாத உச்சவரம்பு உண்டா என்பதையும் விதிமுறையில் தேடுங்கள். கடைசி வாரம் கையைக் கடிக்கும் நிலையில் இப்போது கார்டு வேண்டாம். தொடர்ந்து மூன்று மாதம் ஒதுக்கிய தொகைக்குள் முடித்துவிட்டால், முழு பில் தொகையும் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்துகொண்டு எடுக்கலாம்.