நெல் வயலுக்கு மண் பரிசோதனை செய்தால் உண்மையிலேயே பயன் உண்டா?

கேள்வி இதுதான்: மூன்று ஏக்கர் நெல் வயல், வருடா வருடம் ஒரே அளவு உரம், ஆனாலும் ஒரு மூலையில் மட்டும் பயிர் மஞ்சளித்துக் குட்டையாக நிற்கிறது. மண் பரிசோதனை செய்தால் பலன் உண்டா, அல்லது அது வெறும் சம்பிரதாயமா?

பலன் உண்டு. ஆனால் நிறையப் பேர் எதிர்பார்க்கும் பலன் வேறு. 'இன்ன உரம் போடு, விளைச்சல் கூடும்' என்று அறிக்கை சொல்லும் என்று காத்திருப்போம். எங்கள் வயலில் அது முதலில் சொன்னது எதைப் போட வேண்டாம் என்பதைத்தான்.

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா நிலம் இருக்கிறது. மூன்று மா ஒரு ஏக்கர் என்பதால் உங்கள் நிலத்தின் அளவேதான். குறுவை, தாளடி என்று வருடத்துக்கு இரண்டு போகம் நெல் போடுகிறோம். அப்பா காலத்திலிருந்து ஏக்கருக்கு அடியுரமாக இரண்டு மூட்டை டிஏபி உரம். அது ஏன் இரண்டு என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்து வயல்காரரும் இரண்டுதான், உரக்கடையில் சொல்வதும் இரண்டுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்கே நம்ப முடியவில்லை. டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ் ஊட்டம்). இரண்டு மூட்டை 100 கிலோ என்றால் ஏக்கருக்கு 46 கிலோ மணிச்சத்து போகிறது. டெல்டா குறுவை நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து, சாம்பல் சத்து (பொட்டாசியம்) என்ற வரிசை அது. அதாவது ஏக்கருக்கு மணிச்சத்து 20 கிலோ. இரண்டு மடங்குக்கு மேல் கொட்டிக்கொண்டிருந்தோம். தழைச்சத்து போல மணிச்சத்து காற்றிலும் தண்ணீரிலும் சீக்கிரம் கரைந்து போய்விடாது. பெரும்பகுதி மண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும், வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும்.

எங்கள் அறிக்கையில் இருந்தவை: பிஎச் (மண்ணின் அமில, கார நிலை) 8.1, அங்ககக் கரிமம் 0.42 சதவீதம், தழைச்சத்து ஹெக்டேருக்கு 190 கிலோ, மணிச்சத்து 38, சாம்பல் சத்து 240, துத்தநாகம் 0.7 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு). இதைப் படிக்கத் தெரியாமல்தான் பல பேர் அறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். தழைச்சத்து 280க்குக் கீழே இருந்தால் குறைவு. மணிச்சத்து 11க்குக் கீழே குறைவு, 22க்கு மேலே அதிகம். சாம்பல் சத்து 118க்குக் கீழே குறைவு, 280க்கு மேலே அதிகம். துத்தநாகத்துக்கு நம் ஊரில் 1.2 பிபிஎம் என்பதை எல்லையாக வைத்திருக்கிறார்கள். ஆக எங்கள் மண்ணில் மணிச்சத்து தேவைக்கு மேல் கிடக்கிறது, தழைச்சத்தும் துத்தநாகமும் பற்றவில்லை. ஒன்றை மறக்காதீர்கள், அறிக்கையில் எல்லாம் ஹெக்டேர் கணக்கு. ஏக்கருக்கு மாற்ற 2.5 ஆல் வகுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ஹெக்டேர் அளவை அப்படியே ஏக்கருக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் மஞ்சள் மூலைக்கு வருகிறேன். எங்களுக்கும் அப்படி ஒரு பகுதி இருந்தது. நட்ட மூன்றாவது வாரம் அடி இலைகளில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் வரும், பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கும். நோய் என்று நினைத்து மருந்து அடித்தோம், அடுத்த வருடமும் அடித்தோம். இது நாங்கள் மட்டும் செய்த தவறல்ல. வடக்கே இமயமலை அடிவாரத்துத் தராய் பகுதியில் நெல்லுக்கு வந்த 'கைரா' என்பதையும் முதலில் நோய் என்றே நினைத்தார்கள். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒய். எல். நெனே என்ற விஞ்ஞானிதான் 1966இல் அது துத்தநாகக் குறைபாடு என்று கண்டுபிடித்துச் சொன்னார். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலிலும், பிஎச் கூடுதலான மண்ணிலும் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது கடினம். அதோடு மணிச்சத்தும் அதிகமாக இருந்தால் இன்னும் மோசம். பயிர் நன்றாக வரட்டும் என்று நாங்கள் போட்ட டிஏபியே குறையைக் கூட்டிக்கொண்டிருந்தது. இதை அறிந்த நாளில் எனக்கு வந்த வருத்தம் கொஞ்சமல்ல.

உங்கள் மூலையில் இருப்பதும் துத்தநாகக் குறைதான் என்று நான் சொல்ல மாட்டேன். வடிகால் இல்லாமல் இருக்கலாம், உப்பு ஏறியிருக்கலாம், சோடியம் மிகுந்த களர் மண்ணாக இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒரே மஞ்சள்தான். அதனால்தான் பரிசோதனை வேண்டும் என்கிறேன்.

சரி, மாதிரி எடுப்பது. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் முறை நான் கோட்டைவிட்டது இங்கேதான். ரோட்டை ஒட்டிய வயலில், வரப்போரமாக இரண்டு பிடி மண்ணை அள்ளி உரச் சாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த இடத்தில் முன்பு எருக்குழி இருந்தது. முடிவில் எல்லாச் சத்தும் ஏகமாக வந்தது. அப்பா பார்த்துவிட்டு, "நம்ம மண்ணு இவ்வளவு வளமா இருந்தா ஏன்டா தம்பி இப்படி விளையுது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்துக்கு உள்ள மேல்மண் மட்டும் ஏறத்தாழ 900 டன். நாம் கொடுப்பது அரைக் கிலோ. அதிலும் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் எடுப்பது சில கிராம்தான். அந்தச் சில கிராம் 900 டன்னுக்காகப் பேச வேண்டுமென்றால் நாம் எடுக்கும் விதம் சரியாக இருக்க வேண்டும். வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் எடுங்கள். வரப்பு, வாய்க்கால், மர நிழல், எருக் கொட்டிய இடம் இவற்றை விட்டுவிடுங்கள். மேலே கிடக்கும் சருகு, தாளை ஒதுக்கிவிட்டு மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்து போல 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணை வெளியே தள்ளுங்கள். பிறகு குழியின் பக்கவாட்டில் மேலிருந்து அடிவரை ஒரு அங்குலக் கனத்துக்குச் செதுக்கி எடுங்கள். மேலாக மட்டும் சுரண்டினால் போட்ட உரத்தின் மிச்சமே மாதிரியில் வரும்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, கட்டிகளை உடைத்து, வட்டமாகப் பரப்பி நான்கு பாகமாகப் பிரியுங்கள். எதிரெதிரான இரண்டு பாகத்தை ஒதுக்கிவிட்டு மீதியைத் திரும்பவும் கலந்து பரப்புங்கள். அரைக் கிலோ ஆகும்வரை இப்படியே செய்ய வேண்டும். ஈரம் இருந்தால் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வேண்டாம். துத்தநாகம் போன்ற நுண்ணூட்டமும் பார்க்கச் சொல்வதென்றால் பிளாஸ்டிக் வாளிதான் நல்லது. வீட்டில் இருக்கும் தகர வாளியில் துத்தநாகப் பூச்சு இருக்கும், அது ஒட்டினாலே முடிவு கெட்டுவிடும். உரச் சாக்கு கூடவே கூடாது, சுத்தமான துணிப்பை போதும்.

காலம் என்று பார்த்தால் நமக்குச் சித்திரைதான் சரி. தாளடி அறுத்து வயல் காய்ந்து கிடக்கும், உரம் எதுவும் போட்டிருக்க மாட்டோம். ஜூன் 12இல் மேட்டூர் திறக்கிற வருடமானால் அதற்கு முன் முடிவு கைக்கு வந்துவிட வேண்டும். எனக்கு ஒரு தடவை நாற்று நட்டு இருபது நாள் கழித்துத்தான் அறிக்கை வந்தது. ஆகவே தள்ளிப் போடாதீர்கள். அரசு ஆய்வுக்கூடங்களில் கட்டணம் மிகக் குறைவு, செலவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

'எங்களுக்குத்தான் மண்வள அட்டை வந்திருக்கிறதே' என்று சிலர் கேட்பார்கள். 2015இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது, 12 விவரங்கள் இருக்கும், நல்ல முயற்சிதான். ஆனால் அதன் விதிப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. ஆறு ஏக்கருக்கு மேல் பரப்புக்கு ஒரே மண். அது பக்கத்து வயலில் எடுத்ததாகக்கூட இருக்கலாம். ஊர் மண் பொதுவாக எப்படி என்று பார்க்க உதவும். உங்கள் மூலையில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

அறிக்கைக்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம்? பொதுப் பரிந்துரையான 20 கிலோ மணிச்சத்தில் கால் பங்கு குறைக்கச் சொன்னார்கள். ஏக்கருக்கு 15 கிலோ மணிச்சத்து என்றால் டிஏபி 33 கிலோ போதும். மூன்று ஏக்கருக்கு ஆறு மூட்டை வாங்கியவர்கள் இரண்டோடு நிறுத்தினோம். மூட்டை 1,350 ரூபாய் என்றால் 5,400 ரூபாய் மிச்சம். தழைச்சத்துக்குக் கூடுதலாக யூரியா வாங்காமல் பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம், கரிமமும் குறைவாகத்தானே இருந்தது. துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோவை 20 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து, நடவுக்குச் சற்று முன் சமன்படுத்திய வயலில் தூவ வேண்டும். பசுந்தாள் நிறையப் போட்டால் 5 கிலோவே போதும். டிஏபியோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், இரண்டுமே பயிருக்கு உதவாமல் போகும்.

விளைச்சல் ஒரே வருடத்தில் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டவில்லை. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 27 கண்ட இடத்தில் அந்தக் குறுவைக்கு 30 வந்தது. அந்த வருடம் மழையும் ஒத்துழைத்தது, எல்லாப் பெருமையையும் பரிசோதனைக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தத் திட்டு மறைந்தது, மருந்துச் செலவும் நின்றது.

தழைச்சத்து விஷயத்தில் மட்டும் அறிக்கையை முழுதாக நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. அது நிலையாக நிற்காத சத்து. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையில் எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே இறங்கினால் யூரியா, இல்லாவிட்டால் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு பை. நன்றாக விளையும் பகுதியில் எடுத்தது ஒன்று, மஞ்சள் மூலையில் எடுத்தது ஒன்று. இரண்டையும் தவறியும் கலக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் சர்வே எண், இதற்கு முன் போட்ட பயிர், அடுத்துப் போடப் போகும் பயிர், பாசனம் ஆறா போர்வெல்லா என்று சீட்டில் எழுதி, பைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வையுங்கள். நுண்ணூட்டமும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூலையின் பிஎச் 8.5க்கு மேல் வந்தால் உடனே ஜிப்சம் வாங்கப் போய்விடாதீர்கள். ஜிப்சம் தேவை எவ்வளவு என்று அதே ஆய்வுக்கூடத்தில் தனியாகக் கேட்டு வாங்குங்கள். களருக்குத்தான் ஜிப்சம். வெறும் உப்பு ஏறிய உவர் மண் என்றால் வடிகால் வெட்டி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் வழி.