பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கதவு பேனல் வெடித்தால் சரிசெய்ய முடியுமா?

டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் கதவின் உள்பக்க ரெக்சின் வெடித்து, அட்டையும் உப்பியிருக்கிறது, சென்னையிலேயே சரிசெய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம்.

மேல் ஓரம் வெடிப்பது வெயிலால். ரெக்சினின் மேற்பூச்சான வினைலை வளையவிடும் பிளாஸ்டிசைசர் என்ற பொருள் சூட்டில் மெல்ல வெளியேறிவிடும். கீழே உப்புவதற்குக் காரணம் தண்ணீர். கண்ணாடி இறங்கும் இடுக்கில் மழைநீர் உள்ளே போவது சகஜம்தான். கதவின் அடியில் உள்ள துளைகள் வழியே அது வடிய வேண்டும். நண்பர் காரில் அந்தத் துளைகளை வேப்பஞ்சருகும் மண்ணும் அடைத்திருந்தன. குச்சியால் குத்தியதும் ஒரு டம்ளர் பழுப்புத் தண்ணீர் கொட்டியது! முதலில் இதைப் பாருங்கள், இல்லாவிட்டால் புது பேனலும் ஐப்பசி மழையில் போய்விடும்.

சின்ன வெடிப்பு என்றால் பின்னால் மெல்லிய துணி ஒட்டி, வளையும் வினைல் ஃபில்லரை மெல்லிய பூச்சுகளாகப் பூசி, வினைல் சாயம் அடியுங்கள். எம்-சீல் என்ற எபாக்சி பசை வேண்டவே வேண்டாம். அது கல்லாக இறுகி, பக்கத்தில் புது வெடிப்பைக் கிளப்பும்.

அட்டை உப்பியிருந்தால் மாற்றுவதே நல்லது. பழையதை அச்சாக வைத்து 3 மி.மீ. மரைன் பிளைவுட்டில் (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை) வெட்டி, ஓரங்களுக்கு வார்னிஷ் அடியுங்கள். ரெக்சின் வேலைக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு சீட் கவர் கடைகளில் விசாரிக்கலாம். ஸ்பிட்ஃபயர், டிரையம்பின் இன்னொரு காரான ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்த கார். ஹெரால்டின் இந்திய வடிவமான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இங்கே சென்னையிலேயே தயாரானது. அதில் கைவைத்த பழைய மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம், கதவுக்குள் போகும் தண்ணீர் பேனலில் படாமலிருக்க, அதன் பின்னால் பிளாஸ்டிக் ஷீட் ஒட்ட மறக்காதீர்கள்.