அண்ணாச்சி பதில்கள்: ஹைட்ராலிக் ஹோஸ் வாங்கப் போறீங்களா?

கே: டிரெய்லர் ஜாக்கிக்கு அழுத்தத்தில் எண்ணெய் போகும் ஹோஸ் கிழிந்துவிட்டது. ஸ்கேல் வைத்து அளந்தேன், முக்கால் இஞ்ச். அதையே போனில் சொல்லி வாங்கினேன், சேரவில்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். நியாயமா?
– டிராக்டர்காரர், நாங்குநேரி

ப: நியாயம்தான். ஹோஸுக்கு அளவு உள்துவாரம். நீங்கள் அளந்தது வெளியே. அரை இஞ்ச் ஹோஸே ரப்பரும் கம்பியுமாக முக்கால் இஞ்சைத் தொட்டுவிடும். உங்களுக்கென்று வெட்டி, முனையில் மாட்டும் பிட்டிங் அடித்ததை அவர் யார் தலையில் கட்டுவார்? பழைய ஹோஸை இரண்டு முனையோடும் பஸ்ஸில் கொண்டு போக வெட்கமா?

கே: தண்ணீர் லைனுக்கு வாங்கிய ஜிஐ பைப் மிச்சம் கிடக்கிறது. ஹைட்ராலிக்குக்குப் போடலாமா?
– பணகுடி

ப: தோட்டத்துக்கே போடுங்கள். உள்ளே துத்தநாகப் பூச்சு உரிந்து எண்ணெயில் கலக்கும். ஹைட்ராலிக்குக்கு ஒட்டில்லாத சீம்லெஸ் டியூப்.

கே: அறுவடை மெஷினுக்குப் புது ஹோஸ் போட்ட நாலாம் நாள் வால்வு சிக்கிக்கொண்டது. எண்ணெயில் தூசியாம். ஹோஸும் புதுசு, எண்ணெயும் புதுசு. தூசி எங்கிருந்து வந்தது?
– சேரன்மகாதேவி

ப: அந்தப் புது ஹோஸுக்குள்ளிருந்துதான். கேட்டுவிட்டீர்கள், என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். கடையில் ஹோஸை மெஷினில் சர்ரென்று வெட்டும்போது ரப்பர்க் கரியும் கம்பித் துகளும் உள்ளே போகும். அதை எடுக்காமலே பிட்டிங்கைச் செருகி, பிரஸ்ஸில் நசுக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். துவாரத்தைவிடச் சற்றுப் பெரிய ஸ்பாஞ்சு உருண்டையைக் காற்றழுத்தத்தில் உள்ளே சுட்டால், கரியைச் சுரண்டிக்கொண்டு மறுமுனையில் வந்து விழும். இரு பக்கமிருந்தும், உருண்டை சுத்தமாக வரும்வரை சுட வேண்டும். அப்புறம் முனைகளுக்கு மூடி. சில நிமிட வேலை. கேட்டால், "இருபது வருஷமா இப்படித்தான் கொடுக்கோம்" என்பார்கள்.

நானும் ஏமாந்தவன்தான். பிசான நெல் அறுப்பு அவசரத்தில், உருண்டை சுடாத, மூடியில்லாத ஹோஸை மட்கார்டில் தொங்கவிட்டுப் புழுதி ரோட்டில் கொண்டு வந்து மாட்டினேன். மிச்சம் பிடித்தது நூறு ரூபாய், பம்புக்குப் போனது பதினோராயிரம். அந்தப் பம்பு உறையின் உள்சுவரில் விழுந்த கீறல்களில் இன்றைக்கும் நகம் மாட்டும். கண்ணெதிரே உருண்டையைச் சுடச் சொல்லுங்கள்; முறைத்தால் அடுத்த கடை.

கே: ஹோஸில் ஊசித்துளை. எண்ணெய் புகை மாதிரி அடிக்கிறது. எங்கே என்று கையால் தடவிப் பார்க்கலாமா?
– கங்கைகொண்டான்

ப: கூடவே கூடாது. எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே ஏறும். வெளியே எறும்புக்கடி போலத் தெரியும், விரலே போய்விடும். அட்டையை நீட்டிப் பாருங்கள். ஏறிவிட்டால் அப்போதே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கே: பில்லில் 'ஆர்2, இரட்டை வலை', அதாவது ரப்பருக்குள் இரண்டு அடுக்குக் கம்பி வலை. ஒரே மாதத்தில் வெடித்தது. வெட்டிப் பார்த்தால் ஒற்றை வலை. ஒரே ஒரு ஜேசிபி, நானே ஓட்டிப் பிழைக்கிறேன். தொழிலுக்கு வாங்கியதற்கு நுகர்வோர் வழக்கு செல்லாது என்கிறார் கடைக்காரர்.
– அம்பாசமுத்திரம்

ப: சும்மா பயமுறுத்துகிறார், தம்பி. பிழைப்புக்குச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் தானே பயன்படுத்த வாங்கினால் அவரும் நுகர்வோர்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அரை இஞ்சில் ஒற்றை வலை தாங்கும் அழுத்தம் சுமார் 160 பார், இரட்டை வலை 275. அந்த வித்தியாசத்துக்குத்தான் உங்களிடம் காசு வாங்கினார். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். மசியாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. பில்லையும், மேலே அச்சடித்த எழுத்தும் உள்ளே கம்பியும் தெரிகிற மாதிரி ஹோஸ் துண்டையும் படம் எடுத்து வையுங்கள். துண்டை மட்டும் மெக்கானிக் ஷெட்டில் விட்டு வராதீர்கள்.