கண்டியிலிருந்து முல்லைத்தீவுக்குச் சைக்கிளில்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நாலு பெடியள், ஆனியில் கண்டியிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை சைக்கிளில் வர நினைக்கிறோம். எல்லாம் கியர் இல்லாத சாதாரண சைக்கிள்கள். வன்னிச் சமதரையில் ஓடிப் பழகிய எங்களுக்கு மலைப்பாதை சரிவருமா? சைக்கிள்களைக் கண்டிக்கு எப்படிக் கொண்டுபோவது? வீட்டிலும் விடுகிறார்கள் இல்லை.

ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

அன்புத் தம்பி,

சரிவரும், வெளிக்கிடுங்கள். கண்டி 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் அங்கிருந்து கீழேதான் வரப்போகிறீர்கள். மூச்சு வாங்க வைப்பது அக்குறணை தாண்டி, மாத்தளைக்கு முன் வரும் பலகடுவை ஏற்றம். முடியாவிட்டால் இறங்கி உருட்டுங்கள்.

எனக்குப் பயம் இறக்கத்தில்தான். எங்கள் ஊரில் மாடு குறுக்கே வந்தால்தான் பிறேக் பிடிப்போம். மலையில் அதை விடாமல் அமத்திக்கொண்டு வந்தால் ரிம் சூடேறி ரியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடியுங்கள், இடையிடையே நின்று ஆறவிடுங்கள். மழை நனைத்த இரும்பு ரிம்மில் பிறேக் லேசில் பிடிக்காது. வெளிக்கிட முன் பிறேக் கட்டைகள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள்.

கால் வலிக்கப்போவது தம்புள்ளைக்குப் பிறகு. நீட்டுக்குக் கிடக்கும் வீதி, அனல் வெயில். விடியப்புறம் ஓடத் தொடங்கி, வெயில் ஏற முன் நிழலில் ஒதுங்கிவிட வேண்டும். ஆனியைத் தெரிந்தெடுத்தது எனக்கு நல்ல சந்தோசம். அப்போது தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும். வடக்கே வரும் உங்களை முதுகில் தள்ளும். மாங்குளத்தில் கிழக்கே திரும்பினாலும் அது முகத்தில் அடிக்காது. இதே வீதியில் அந்த மாதம் தெற்கே போகிறவன் பாடு வேறு.

முதல் இரவு தம்புள்ளை, அடுத்தது வவுனியா, மூன்றாம் நாள் கடல். அந்தக் கடைசி நாள் கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர். அதில் பாதி மாங்குளத்துக்குப் பிறகு. அந்தப் பக்கம் யானை இறங்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொழுதுபட முன் முல்லைத்தீவில் நில்லுங்கள்.

வீட்டுக்காரரிடம் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தைப் பற்றிக் கேளுங்கள். பெற்றோல் இல்லாத அந்த வருடங்களில் விறகு, நெல்மூட்டை, காய்ச்சல்காரர் எல்லாரும் சைக்கிள் கரியரில்தான் போனார்கள். இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான்களைச் சைக்கிளில் கட்டி உருட்டியவர்கள் அவர்கள். சைக்கிளை நம்பி வாழ்ந்த சனம் சைக்கிளுக்குப் பயப்படாது. அவர்களுடைய பயம், கண்டியிலிருந்து வடக்கே வரும் ஏ9 வீதியில் பறக்கும் பஸ்களுக்கு. அந்தப் பயம் நியாயமானது, அதோடு வாதாட வேண்டாம். இருட்டில் ஓடமாட்டோம் என்று சத்தியம் பண்ணிக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். பின்பக்கத்தில் சிவப்பு லைற்றும் பூட்டுங்கள்.

சைக்கிள்களை ஏற்ற, தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி எடுக்க வெறுமையாகப் போகும் லொறிக்காரரைக் கேளுங்கள். அங்கிருந்து கண்டிக்கு வேறொரு லொறி பிடிக்கலாம்.