கோல்ஃப் பழக யாரிடம் போவது? மலையகத்திலிருந்து வந்த கேள்விகள்

கோல்ஃப் பழக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். நுவரெலியாவில் பை தூக்கும் கேடியாகத்தான் இந்த விளையாட்டுக்குள் வந்தேன். இப்போது புதியவர்களுக்குப் பழக்குகிறேன். அதனால் என் பதில்களில் கொஞ்சம் கேடி புத்தி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, யூடியூப் பார்த்தே பழகுகிறேன். கோச் கட்டாயம் வேண்டுமா? (தலவாக்கலை, வங்கி ஊழியர்)

வீடியோவில் இருப்பவரை நீங்கள் பார்க்கலாம் தம்பி, அவர் உங்களைப் பார்க்க முடியாதே. குறைந்தது கிளப்பை, அதாவது பந்தடிக்கும் கோலைப் பிடிக்கும் விதம், நிற்கும் விதம், குறி பார்த்து நிற்பது, இந்த மூன்றையும் நேரில் ஒருவர் திருத்திவிட வேண்டும். அதற்குச் சில வகுப்புகள் போதும். பிழையான பிடி கையில் ஊறிவிட்டால் அதைக் கழற்ற மாதக்கணக்காகும். பிறகு வீடியோ பாருங்கள், ஆனால் ஒரே ஆளுடையதைப் பாருங்கள்.

என்னுடன் வரும் கேடி அண்ணனே நன்றாகச் சொல்லித்தருகிறார். அவர் போதாதா? (நுவரெலியா, ஆசிரியை)

டீச்சர், நுவரெலியா மைதானம் 1889இல் தொடங்கியது. அந்தக் கிரீன்களில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பந்து எந்தப் பக்கம் சரியும், மூடுபனியில் எந்தக் கிளப் எடுக்கலாம் என்பதெல்லாம் கேடிகளுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தக் கோச்சும் அதில் அவர்களுக்கு இணையாக மாட்டார். விதியும் அவர் பக்கம்தான்: போட்டிச் சுற்றில் உங்கள் கேடியிடம் ஆலோசனை கேட்கலாம், ஓரமாக நடந்துவரும் கோச்சிடம் கேட்கக்கூடாது.

ஆனால் ஸ்விங்கை, அதாவது கிளப்பை வீசும் விதத்தைத் திருத்தும் இடம் மைதானத்தின் நடு இல்லை. ஐந்தாவது குழியில் கையை மாற்றச் சொன்னால் ஆறாவதில் எல்லாமே குழம்பும். மைதானத்தைக் கேடியிடமும் ஸ்விங்கைக் கோச்சிடமும் கேளுங்கள்.

பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது? (பண்டாரவளை, கடை முதலாளி)

சரியான கோச்சைக் கண்டுபிடிக்க ஸ்லைஸ் என்கிற இந்த வலப்பக்க வளைவு ஒன்றே போதும், முதலாளி. அந்த மூவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "பந்து கிளம்பும் திசையை எது தீர்மானிக்கிறது?"

கிளப் வீசப்படும் பாதையில் பந்து கிளம்பும், பிறகு கிளப் முகம் (பந்தில் படும் பரப்பு) பார்த்த பக்கம் வளையும் என்றுதான் பழையவர்கள் பழக்கினார்கள். ரேடார் கருவிகள் வந்து அளந்தபோது அது தலைகீழானது. பந்து கிளம்பும் திசையில் பெரும்பங்கு கிளப் முகத்துடையது; இரும்புக் கிளப்பில் ஏறக்குறைய 75 சதவீதம், அதிக தூரம் அடிக்கும் டிரைவர் கிளப்பில் 85 சதவீதம். வளைவு வருவது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். வலக்கைக்காரரின் முகம் பாதையைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் பந்தும் வலப்பக்கம் வளையும். அதற்குப் பயந்து நீங்கள் இடப்பக்கம் திரும்பி நின்றால், பாதை இன்னும் இடப்பக்கம் போய் வளைவு கூடும். "இன்னும் இடது, இன்னும் இடது" என்கிறவரிடம் போனவர்கள் வருடக்கணக்கில் அப்படியேதான் அடிக்கிறார்கள்.

டிரைவரில் இன்னொன்றும் உண்டு. முகத்தின் நடுவில் படாமல் கைப்பிடிப் பக்கமாகப் பட்டாலும் பந்து வலப்பக்கம் சுழலும். அதைப் பார்க்க பெரிய மெஷின் வேண்டாம். முகத்துக்குப் போடும் பவுடரைக் கிளப்பில் தூவி அடித்தால் தடம் தெரியும். மூவரில் யாராவது அந்தத் தடத்தைப் பார்த்தாரா? பந்து எங்கே கிளம்பியது, எங்கே வளைந்தது என்று தனித்தனியாகக் கேட்டாரா? கேட்டவரிடம் போங்கள். "தலையைத் தூக்காதே" என்று மட்டும் சொன்னவருக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கண்டியில் இருக்கிறேன். திகன விக்டோரியாவில் பழகுவதா, நுவரெலியா வரை போவதா?

பக்கத்தில் இருப்பதற்குப் போங்கள். மாதத்தில் ஒரு தடவை பெரிய கோச்சிடம் போவதைவிட வாரம் ஒரு தடவை சுமாரானவரிடம் போவது மேல். திகன மைதானம் டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறந்தது. அங்கே உயரமும் குறைவு, குளிரும் குறைவு.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நுவரெலியா 6,000 அடிக்கு மேல். காற்று ஐதாக இருப்பதால் பந்து 6, 7 சதவீதம் கூடுதலாகப் பறக்கும்; காலைக் குளிர் அதில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கொழும்பில் 150 யார் போகும் கிளப் இங்கே 160ஐத் தொட்டுவிடலாம். "இந்தக் கிளப்புக்கு இவ்வளவு தூரம்" என்று கோச் எழுதித்தந்தால், எந்த ஊரில் அளந்தது என்று கேளுங்கள். மழை ஊறிய புல்லுக்கு அடிப்பாகம் அகன்ற வெட்ஜ்தான் (குறைந்த தூரத்துக்குப் பந்தை உயரத் தூக்கும் கிளப்) சரி. மெல்லியது மண்ணைத் தோண்டும். இதை அவராகவே எடுத்துச் சொன்னால், மலைநாட்டு ஆட்டம் தெரிந்தவர்.

எவ்வளவு காசு நியாயம்?

முதலில் ஒரு வகுப்புக்கு மட்டும் கொடுங்கள். பத்து வகுப்புக்கு மொத்தமாக வாங்கப் பார்ப்பவரிடம் அவசரப்படாதீர்கள். பயிற்சிப் பந்து, மைதானக் கட்டணம், கேடி காசு எல்லாம் அதற்குள் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் தொடங்காதீர்கள், நடக்கவே இடமிருக்காது.

மகளுக்கு 11 வயது. கோல்ஃப் கேட்டு அடம்பிடிக்கிறாள். (ஹட்டன், அம்மா)

விடுங்கள் தங்கச்சி, பழகட்டும். பெரியவர்களின் கிளப்பை வெட்டிக் குட்டையாக்கிக் கொடுக்க வேண்டாம். நீளம் குறையும், ஆனால் தலையின் பாரமும் தண்டின் விறைப்பும் அப்படியே இருக்கும்; பிள்ளை உடம்பை வளைத்துத்தான் அதைத் தூக்கும். முதல் நாளே டிரைவரைக் கையில் கொடுக்கிற கோச் வேண்டாம். கிரீனில் சின்னச் சின்ன தூரத்தில் விளையாட்டாகத் தொடங்குகிறவரைப் பாருங்கள். வகுப்பு நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அதை விரும்பாத கோச் என்றால் அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தோட்ட ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன், வயது 62, இடுப்பு வலி உண்டு.

ஐயா, முதலில் டாக்டர். அவர் சம்மதித்த பிறகு கோச். உங்கள் உடம்பைப் பற்றி விசாரிக்காமல் கிளப்பை நீட்டுகிறவர் உங்களுக்கானவர் இல்லை. பின்னால் எடுக்கும் வீச்சைக் குறைத்து, இடது குதிகாலைக் கொஞ்சம் எழும்ப விட்டால் இடுப்புக்கு வேலை குறையும்.

கோச்சை எப்போது மாற்றலாம்?

ஒவ்வொரு வகுப்பிலும் புதிய வைத்தியம் சொன்னால் மாற்றுங்கள். ஒன்றைத் திருத்தும்போது சில வாரம் ஸ்கோர் மோசமாகும், அது வழமை. அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது அவர் பொறுப்பு. 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் (ஹேண்டிகேப் என்பது திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகளின் கணக்கு) 54 வரை எடுக்கலாம், அதனால் புதியவரும் கூச்சமில்லாமல் கணக்கு வைக்கலாம். ஒரு கிரீனில் மூன்று தடவை தட்டியது எத்தனை, அபராத அடி எத்தனை என்று குறித்து வையுங்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்க்காத கோச்சிடம் அதிக நாள் நிற்காதீர்கள்.

நான் இடக்கைக்காரன். வலக்கைக் கோச்சிடம் பழகலாமா?

தாராளமாக. எதிரே நின்று பார்த்தால் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி, சிலருக்கு அதுவே சுலபம். இடக்கைக் கிளப் தேடுவதுதான் அலைச்சல். பழையது கிடைத்தால் காசு கொடுக்குமுன் அவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.