தேதி போடாத செக்கும் கீழே விழுந்த லென்ஸும்

கேள்வி: நான் சென்னையில் ஒளிப்பதிவு உதவியாளர், ஃபோகஸ் புல்லர். பொள்ளாச்சி ஷெட்யூலில் லென்ஸ் மாற்றும்போது 75 எம்.எம். அனமார்ஃபிக் லென்ஸ் ஒன்று கீழே விழுந்தது. கேமராவோடு வந்த யூனிட் ஆள் மவுன்ட் ரிங்கை (லென்ஸைக் கேமராவோடு பிணைக்கும் வளையம்) முழுதாகப் பூட்டவில்லை. ஆனால் பழி என் மேல். அன்று இரவே லாட்ஜில் வைத்து, போனை வாங்கி வைத்துக்கொண்டு, ‘என் கவனக்குறைவால் சேதம்’ என்று தயாரிப்பு கம்பெனி மேனேஜர் எழுதி வாங்கினார். தொகையும் தேதியும் போடாத 2 செக்கிலும் கையெழுத்து வாங்கினார். சம்பள பாக்கி 1,40,000 ரூபாய் வரவில்லை. டைட்டிலில் பெயரும் இல்லை. 4 மாதம் கழித்து, லென்ஸை வாடகைக்குக் கொடுத்த ஹைதராபாத் கம்பெனி ஒரு செக்கில் 6,80,000 எழுதி வங்கியில் போட்டு, அது திரும்பி, வக்கீல் நோட்டீஸ் வந்து 9 நாள் ஆகிறது. செக்கைப் போடுவதற்கு முன்பே மேனேஜர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில், ‘உன் பாக்கியை லென்ஸ் கணக்குல கம்பெனிக்குக் கட்டியாச்சு’ என்கிறார். மிரட்டி வாங்கியதாகப் போலீஸில் புகார் கொடுக்கலாமா? சம்பளத்துக்கு வழக்கு போடலாமா?

பதில்: ரிங்கைப் பூட்டாமல் விட்டது யார், லாட்ஜில் என்ன பேசினார்கள், டைட்டிலில் பெயர் ஏன் வரவில்லை என்பதெல்லாம் இந்த நோட்டீஸுக்குப் பதிலாகாது. செக் திரும்பியதற்குப் போடும் வழக்கில், அதாவது மாற்றுமுறை ஆவணச் சட்டம் (என்.ஐ. ஆக்ட்) பிரிவு 138 வழக்கில், கோர்ட் பார்ப்பது ஒன்றைத்தான்: செக்கை வங்கியில் போட்ட அன்று, நீங்கள் அந்தக் கம்பெனிக்கு 6,80,000 ரூபாய் சட்டப்படி தர வேண்டியிருந்ததா? நீங்கள் போகிற போக்கில் கடைசியாகச் சொன்ன வாய்ஸ் மெசேஜ்தான் இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. அதில் இருந்தே ஆரம்பிப்போம்.

செக் கொடுத்த பிறகு, அதை வங்கியில் போடுவதற்குள், கடனில் ஒரு பகுதி அடைபட்டிருந்தால், அந்த வரவை அதே சட்டத்தின் பிரிவு 56-ன்படி செக்கிலேயே குறித்துவிட்டு மீதித் தொகைக்குத்தான் செக்கைப் போட வேண்டும். குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பினால் பிரிவு 138 குற்றம் ஆகாது என்று 2022-ல் தஷ்ரத்பாய் திரிகம்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் 1,40,000 நிஜமாகவே கம்பெனிக்குப் போயிருந்தால், 6,80,000-க்கான இந்தச் செக் ஆட்டம் காணும்.

போயிருந்தால்தான். மேனேஜர் வாயால் சொன்னது மட்டும் போதாது. தயாரிப்பு கம்பெனியின் வங்கிக் கணக்கிலோ, வாடகைக் கம்பெனியின் லெட்ஜரிலோ அந்த வரவு தெரிய வேண்டும். இன்றைக்கே மேனேஜருக்கு, சண்டை போடாமல், ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: ‘அண்ணே, என் பாக்கி 1,40,000 என்னைக்கு, எந்த அக்கவுன்ட்ல கட்டினீங்கன்னு சொன்னா கணக்குல எழுதிக்கிறேன்.’ அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அந்த வாய்ஸ் மெசேஜ் இருக்கும் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். இன்னொரு போனுக்கு ஃபார்வர்ட் செய்து வைத்திருப்பது மூல ஆதாரம் ஆகாது. பாரதிய சாட்சிய அதிநியம், 2023-ன் பிரிவு 63-ன்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டாவது பிடி, நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதம். சேதத்துக்கான நஷ்ட ஈடு தானாகக் கடன் ஆகிவிடாது. ஒரு கோர்ட் தொகையை நிர்ணயிக்க வேண்டும், இல்லையென்றால் நீங்களே ஒரு தொகையை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கடிதத்தில் ‘சேதம்’ என்று மட்டும் இருந்தால் பேச இடம் உண்டு. ‘அதற்கான தொகையைத் தருகிறேன்’ என்று இருந்தால் பாதி இடம் போச்சு. தொகையே எழுதியிருந்தால் இந்தப் பிடி இல்லை. ஞாபகத்தை நம்பிப் பதில் எழுதவேண்டாம், கடித நகலை நோட்டீஸ் அனுப்பிய வக்கீலிடமே கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் சொல்லாத இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கேமரா பெட்டிகள் இறங்கிய அன்று டெலிவரி சலானில் கையெழுத்து போட்டது யார்? பொதுவாக அது அசிஸ்டென்ட் தலையில்தான் விழும். தயாரிப்பு கம்பெனி பெயருக்குக் கீழே ‘சார்பாக’ என்று போட்டிருந்தால் நீங்கள் ஏஜென்ட்; ஒப்பந்தச் சட்டம் பிரிவு 230-ன்படி பொதுவாகச் சொந்தப் பொறுப்பு வராது. வெறுமனே உங்கள் பெயரை மட்டும் போட்டு, ‘பெற்றுக்கொண்டவரே பொறுப்பு’ என்று சலான் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தால், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து நீட்டும்.

இனி, இந்த மாதிரி வழக்கில் வழக்கமாகக் காலை விடும் இடங்கள்.

முதலாவது, ‘வெற்று செக்தானே, செல்லாது’ என்ற நம்பிக்கை. கையெழுத்து உங்களுடையது என்று ஆனபின், தொகையை வேறு யார் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுத்த செக் என்றே பிரிவு 139 அனுமானிக்கும். 2019-ல் பீர் சிங் வழக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மிரட்டி வாங்கினார்கள் என்றால் அதைக் காட்ட வேண்டியது நீங்கள். 4 மாதம் வாய் திறக்கவில்லை. மறுநாளும் அதே ஷெட்யூலில் கிளாப் போர்டுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்திருந்தால், கால்ஷீட்டே உங்களுக்கு எதிரான சாட்சி. நோட்டீஸ் வந்த பிறகு போலீஸுக்குப் போனால், தப்பிக்கச் சோடித்த கதை என்றுதான் குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இப்போது வேண்டாம்.

இரண்டாவது, ‘செக் தொலைந்துவிட்டது’ என்ற பொய். வங்கியில் அப்படிச் சொல்லி ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் ‘மிரட்டி வாங்கினார்கள்’ என்று சொன்னால் இரண்டு கதையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டுமே போகும். ஸ்டாப் பேமென்ட்டோ கணக்கை மூடுவதோ பிரிவு 138-லிருந்து காப்பாற்றாது.

மூன்றாவதில்தான் படித்தவர்களும் மாட்டுகிறார்கள்: இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு. சம்பளத்துக்கு உங்களிடம் நல்ல வழக்கு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, பொருள் சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றால், அந்தப் பொருள் உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், உங்கள் கவனக்குறைவு நேரடிக் காரணமாக இருக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். மொத்தப் பிடித்தமும் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எல்லாம் சரி. ஆனால் தொழிலாளர் அலுவலகத்தில் ‘1,40,000 இன்னும் பாக்கி, எங்கும் போகவில்லை’ என்று மனு கொடுத்துவிட்டு, ஹைதராபாத்தில் ‘அந்த 1,40,000 லென்ஸுக்குக் கட்டப்பட்டுவிட்டது’ என்று வாதாட முடியாது. முதல் மனுவின் நகல் இரண்டாவது வழக்கில் அவர்கள் பக்க ஆவணமாக வந்து நிற்கும். வரவு எங்கே போனது என்று தெரியும்வரை சம்பள மனுவை எழுதவே எழுதாதீர்கள். பெப்சியிலோ (திரைப்படத் தொழிலாளர் சங்கங்களின் சம்மேளனம்) உங்கள் சங்கத்திலோ கடிதம் கொடுத்தாலும் இதே கவனம் வேண்டும்; அங்கே எழுதுவதும் ஆவணம்தான்.

நான்காவது, நல்லெண்ணத் தொகை. வாடகைக் கம்பெனி ஆள் போன் செய்து, ‘ஒரு 25,000 போடு தம்பி, கேஸ் போடாம பாத்துக்கறேன்’ என்பார். ஜிபேயில் போட்டு, ‘மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன் அண்ணே’ என்று ஒரு மெசேஜும் தட்டிவிட்டால், இல்லாத கடனை நீங்களே உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும். செக் திரும்பிய பிறகு கட்டும் தொகைக்கு, மேலே சொன்ன பிரிவு 56 சலுகையும் கிடைக்காது.

நோட்டீஸுக்குப் பதில், 15 நாள் கெடுவில் மீதி இருக்கும் இந்த 6 நாளுக்குள் வக்கீல் மூலம் போக வேண்டும். பதில் போடாததையே பின்னால் உங்களுக்கு எதிராகப் பேசுவார்கள். வாங்க மறுத்துத் திருப்பியிருந்தாலும் சேர்ந்ததாகத்தான் கணக்கு. பதில் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 2 செக்கின் எண்களையும் எழுதுங்கள். இன்னொரு செக் அவர்கள் கையில் இருக்கிறது என்பதை இப்போதே பதிவு செய்யாவிட்டால், ஒரு வருடம் கழித்து அதுவும் ஒரு தொகையோடு வரும். தொகை, தேதி எதுவும் நிரப்பாமல் மேனேஜரிடம் கொடுத்தது, வாடகைக் கம்பெனியோடு உங்களுக்கு ஒப்பந்தம் இல்லை என்பது, சம்பளத்தை லென்ஸ் கணக்கில் கட்டிவிட்டதாக மேனேஜர் சொன்னது — இவ்வளவு போதும். யூனிட் ஆளைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

அதே பதிலில் கணக்குக் கேளுங்கள். 6,80,000 என்பது ரிப்பேர் செலவா, புது லென்ஸ் விலையா, வாடகைக்குப் போகாத நாட்களின் நஷ்டமா? விழுந்த லென்ஸில் மவுன்ட் வளைவது, ஷிம் (மவுன்ட்டுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) நகர்வது, உள்கண்ணாடி மையம் விலகுவது எல்லாம் வெவ்வேறு செலவு. பி.எல். வகை மவுன்ட்டில் ஃப்ளாஞ்ச் தூரம், அதாவது மவுன்ட்டிலிருந்து சென்சார் வரை உள்ள இடைவெளி, 52 மி.மீ.; அதில் நூறில் சில பங்கு மி.மீ. தவறினாலே ஃபோகஸ் குறிகள் பொருந்தாது. ஆனால் ஷிம் மாற்றி, கொலிமேட்டரில் (ஃபோகஸைச் சோதிக்கும் கருவி) பார்த்துச் சரிசெய்யக்கூடிய கோளாறு அது. முன்கண்ணாடி உடைந்திருந்தால் கதை வேறு. சீரியல் எண், சர்வீஸ் ரிப்போர்ட், இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸில் பணம் வாங்கியிருந்தால் உங்களிடமும் முழுசாக வாங்க முடியாது. அதே சீரியல் எண் லென்ஸ் வேறு படத்தில் ஓடிக்கொண்டிருந்தால், புது லென்ஸ் விலை என்ற பேச்சே அடிபடும். இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு வக்கீல் தேவையில்லை, உங்கள் ஆட்கள் போதும்.

இவ்வளவு பிடி இருந்தும் நான் சமரசத்தைத்தான் சொல்வேன். செக்கை வசூலுக்குப் போட்ட கம்பெனியின் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழக்கு. கிளை ஹைதராபாத் என்றால் வாய்தாவும் அங்கேதான், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஷூட்டிங் நாள் போகும். பிரிவு 143ஏ-ன் கீழ் இடைக்கால இழப்பீடாக 20 சதவீதம் வரை, அதாவது 1,36,000 வரை, வழக்கு முடியும் முன்பே கட்டச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. தோற்றால் 2 வருடம் வரை சிறை, அல்லது 13,60,000 வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் உள்ள வாய்ஸ் மெசேஜ், பேச்சுவார்த்தையில் தொகையைக் குறைக்க இன்றைக்கே உதவும். விசாரணையில் அது நிற்குமா என்பது லெட்ஜர் கிடைப்பதைப் பொறுத்தது.

பேச்சுக்குத் தயாரிப்பு கம்பெனியையும் உட்கார வையுங்கள்; சங்கம் உதவக்கூடிய இடம் இதுதான். லென்ஸை வாடகைக்கு எடுத்தது அவர்கள். உண்மையான ரிப்பேர் பில்லில் அவர்கள் பங்கையும் உங்கள் 1,40,000-ஐயும் கழித்த மீதிக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். தவணைக்குப் புதிதாகச் செக் எதுவும் கொடுக்கக் கூடாது. சமரசச் செக் திரும்பினால் அது தனியாக இன்னொரு 138. வங்கிப் பரிமாற்றம் அல்லது டி.டி. மட்டும். சமரசப் பத்திரத்தில் 2 செக் எண்களும், அந்தக் கடிதமும், ‘முழுத் தீர்வு’ என்ற சொல்லும் இருக்க வேண்டும். அசல் மூன்றும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை. அதற்குள் வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்டிருந்தால், சமரசத்தை அந்தக் கோர்ட்டிலேயே பதிவு செய்து, உத்தரவின் சான்றிட்ட நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கைமாறியும் கோர்ட்டில் முடிக்காமல் விட்ட வழக்கில், பிறகு ஆஜராகவில்லை என்று வாரண்ட் வரும்.