நாள் முழுக்க சார்ஜரில் இருக்கும் லேப்டாப்: பேட்டரியைக் கெடுப்பது எது?

கேள்வி: புது லேப்டாப் வாங்கியிருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை என்பதால் நாள் முழுக்க சார்ஜர் சொருகியபடியேதான் இருக்கும். பழைய லேப்டாப்பையும் அப்படித்தான் வைத்திருந்தேன். மூன்றாவது வருடம் பேட்டரி உப்பி, டச்பேட் மேலே எழும்பிவிட்டது. அணைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இப்போது புதியதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். முதல் தடவை 8 மணி நேரம் சார்ஜ் போடு என்கிறார் ஒருவர். 100 ஆனதும் பிடுங்கிவிடு என்கிறார் இன்னொருவர். சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்கிறார் மற்றொருவர். இதில் எதைக் கேட்பது?

பதில்: முதலில் அலமாரியில் இருப்பதைப் பற்றிப் பேசிவிடுவோம். புதியது ஒரு நாள் காத்திருந்தால் ஒன்றும் ஆகாது. பழையதை அப்படி விட்டுவைக்க முடியாது.

லேப்டாப் பேட்டரிக்குள் இருப்பவை பெரும்பாலும் அலுமினியப் படலத்தால் மூடி ஒட்டப்பட்ட தட்டையான பைகள். உள்ளே இருக்கும் திரவம் நாளாக நாளாகச் சிதையும்போது வாயு உண்டாகிறது. வெளியே போக வழியில்லாததால் பை உப்புகிறது. அடுக்கி வைத்த பிஸ்கட் போல இருக்க வேண்டியது சின்னத் தலையணை போல ஆகி, தனக்கு மேலே இருக்கும் டச்பேடை நெம்பித் தூக்குகிறது. உங்களுக்கு நடந்தது இதுதான். அதை மறுபடி சார்ஜரில் போடாதீர்கள். எழும்பிய டச்பேடை அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். படலம் கிழிந்து உள்ளே இருக்கும் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கும். அந்தத் தீ எளிதில் அணையாது. துணியும் காகிதமும் இருக்கும் அலமாரியிலிருந்து இன்றே எடுத்து, வெறும் தரையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். சர்வீஸ் ஆளிடம் கொடுத்து பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். உள்ளே இருக்கும் கோப்புகளை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பேட்டரி கெட்டதால் சேமிப்பகம் கெடுவதில்லை. பல லேப்டாப்களில் அதைத் தனியே கழற்றி எல்லாவற்றையும் நகலெடுத்துவிடலாம்.

சரி, இனி அந்த மூன்று யோசனைகள்.

எட்டு மணி நேர சார்ஜ் என்பது நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். முழுக்கத் தீர்த்துவிட்டு ஏற்றுவதும் அங்கிருந்து வந்ததுதான். நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பாதியிலேயே திரும்பத் திரும்ப ஏற்றினால், அந்தப் பாதியே தன் முழு அளவு என்பது போல நடந்துகொள்ளும் குறை இருந்தது. 'மெமரி எஃபெக்ட்' என்பார்கள். இப்போதைய லேப்டாப்களில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி 1991-இல் சந்தைக்கு வந்தது. அதில் இந்தத் தொல்லை இல்லை. அதைக் கண்டுபிடித்து வளர்த்த மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசே கிடைத்துவிட்டது. ஆனாலும் பழைய யோசனை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் புது லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஆன் செய்யலாம். முதல் நாள் அப்டேட்கள் நிறைய வரும், நடுவில் அணைந்துவிடக் கூடாது என்பதற்காக மட்டும் சார்ஜரைச் சொருகி வையுங்கள்.

சுத்தமாகத் தீர விடுவது லித்தியத்துக்கு நன்மை இல்லை, கெடுதல். பேட்டரியின் ஆயுளைச் சுழற்சிக் கணக்கில் சொல்வார்கள். மொத்தமாக 100 சதவீதம் செலவானால் ஒரு சுழற்சி. இன்று 50, நாளை 50 செலவு செய்தாலும் சேர்த்து ஒன்றுதான். அதனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதால் சுழற்சி வீணாகிறது என்ற பயம் வேண்டாம். 20 சதவீதத்துக்குக் கீழே போகும் முன் சொருகிவிடுவது நல்ல பழக்கம்.

மூன்றாவது யோசனை, 100 ஆனதும் பிடுங்குவது, பாதி சரி. காரணம்தான் தவறு. பிடுங்காவிட்டால் மின்சாரம் ஏறிக்கொண்டே போய் பேட்டரி வெடித்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிறைந்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட் ஏற்றுவதை நிறுத்திவிடும். அதன்பின் லேப்டாப் சார்ஜரிலிருந்து வரும் மின்சாரத்தில் ஓடும், பேட்டரி சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பதில்தான் சிக்கல்.

லித்தியம் செல் ஒன்று பாதி நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 3.7 வோல்ட். முழுக்க நிறைந்தால் 4.2 வோல்ட், சில வகைகளில் இன்னும் கொஞ்சம் மேலே. அந்த உச்சத்தில் நிற்கும்போது உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமாக நடக்கின்றன. சூடு சேர்ந்தால் அந்த வேகம் இன்னும் கூடுகிறது. உப்பவைக்கும் வாயுவும் இந்த வினைகளில்தான் பிறக்கிறது. நாள் முழுக்க சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: எந்நேரமும் 100 சதவீதம், பக்கத்திலேயே கொதிக்கும் பிராசசர். உங்கள் பழைய பேட்டரி மூன்று வருடம் இதில்தான் வெந்திருக்கிறது. நீங்கள் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. ஒரு சின்ன செட்டிங்கை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த செட்டிங் இதுதான்: சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வரம்பு வைப்பது. இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் இதைத் தருகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால் கண்ணில் படுவதில்லை. லெனோவோவில் 'வான்டேஜ்' செயலிக்குள் 'கன்சர்வேஷன் மோட்' என்று இருக்கும். ஏசஸ் என்றால் 'மைஏசஸ்' செயலிக்குள் பேட்டரி பகுதியில் பாருங்கள். டெல், ஹெச்பி இரண்டிலும் பல மாடல்களில் பயாஸ் திரையிலேயே, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங் திரையிலேயே, பேட்டரிக்கான தேர்வு உண்டு. மேக்புக்கில் செட்டிங்ஸின் பேட்டரி பகுதியில் 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்' இருக்கும். அது உங்கள் பழக்கத்தைக் கவனித்துத் தானாகவே 80-இல் நிறுத்திப் பார்க்கும். வெளியூர் போகும் நாளில் வரம்பை எடுத்துவிட்டு 100 ஏற்றிக்கொள்ளுங்கள். எப்போதாவது முழுக்க ஏற்றுவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

பயாஸுக்குள் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன், உங்களைக் கேட்காமலே சேமிப்பகத்தைப் பூட்டி வைத்துவிடும். பயாஸில் சில மாற்றங்கள் செய்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளை உங்களாலேயே திறக்க முடியாது. அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் சாதனங்கள் பகுதியில் இருக்கும். முதலில் அதை ஒரு தாளில் எழுதி பத்திரப்படுத்திவிட்டு, அப்புறம் பயாஸைத் தொடுங்கள். குடும்பப் புகைப்படங்களை இப்படி இழந்து கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மாடலில் வரம்பு வைக்கும் வசதியே இல்லை என்றால்? 80 ஆனதும் பிடுங்கி, 40 ஆனதும் சொருகி என்று நாள் முழுக்கக் காவல் காக்க வேண்டாம். வேலை கெடும், சுழற்சியும் கூடும். தினம் ஒரு மணி நேரமாவது பேட்டரியில் ஓட விடுங்கள். மீதிக் கவனத்தை எல்லாம் சூட்டின் மேல் வையுங்கள். உண்மையில், வரம்பு வைத்தவர்களுக்கும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

பெரும்பாலான லேப்டாப்கள் அடியிலிருந்து காற்றை இழுத்து, பக்கவாட்டிலோ பின்னாலோ சூடாக வெளியே தள்ளுகின்றன. மெத்தை, தலையணை, மடியில் போர்வை, இவற்றின் மேல் வைத்தால் மூச்சுக்குழாயை அடைத்தது போலத்தான். கெட்டியான மேசையில் வையுங்கள். பின்பக்கத்தை ஒரு விரல் தடிமன் உயர்த்தி வைத்தாலே காற்று தாராளமாகப் போகும். அதற்கென்று விலை கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. ஜன்னல் வெயில் விழும் இடம் வேண்டாம்.

அடுத்தது தூசி. விசிறி சத்தமாக ஓடுகிறது, ஆனால் லேப்டாப் ஆறவில்லை என்று கொண்டுவருகிறவர்களின் அடிமூடியைக் கழற்றினால் நான் பெரும்பாலும் பார்ப்பது ஒன்றுதான். விசிறி காற்றைத் தள்ளும் வாயில், சீப்புப் பல் போல நெருக்கமாக நிற்கும் மெல்லிய தகடுகள் இருக்கும். அந்தத் தகடுகளுக்கும் விசிறிக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டை வெட்டி வைத்தது போல ஒரு தூசிப் படலம். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். விசிறி எவ்வளவு சுற்றினாலும் அந்தத் திரையைத் தாண்டிக் காற்று போகாது. இந்த இடத்தை வெளியிலிருந்து துடைத்துச் சுத்தம் செய்ய முடியாது. வருடத்துக்கு ஒரு தடவை, தூசி அதிகமான வீட்டில் இரண்டு தடவை, திறந்து சுத்தம் செய்ய வேண்டும். திறக்கத் தெரிந்தவர்கள் லேப்டாப்பை முழுக்க அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரியின் கனெக்டரையும் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். அழுத்தக் காற்று அடிக்கும்போது விசிறியின் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெட்டுப்போகும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். வாரண்டி இருக்கும்வரை அதன் நிபந்தனையைப் படித்துவிட்டே திறங்கள்.

இன்னொரு சூடு, பைக்குள் நடப்பது. மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிட்டது என்று நம்பி பையில் போடுகிறோம். புதிய லேப்டாப்கள் பல அரைத்தூக்கத்தில்தான் இருக்கின்றன. அப்டேட் இறக்கவோ வேறு எதற்கோ நடுவில் விழித்துக்கொண்டால், காற்றில்லாத பைக்குள் விசிறி சுற்றி, எடுக்கும்போது இஸ்திரிப் பெட்டி போலச் சுடும். பையில் வைக்கும் முன் ஷட்டவுன் அல்லது ஹைபர்னேட் (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுக்க அணைவது) கொடுங்கள். பல நாள் தொடாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் சார்ஜை 50 சதவீதம் அளவில் விட்டு அணைத்து வையுங்கள். நிறைய ஏற்றியும் வேண்டாம், தீர்த்தும் வேண்டாம்.

சார்ஜர் பற்றி ஒரு வார்த்தை. உங்களுடையது டைப்-சி என்றால் எந்த டைப்-சி சார்ஜரும் பொருந்தும், ஆனால் போதுமா என்பது வாட் கணக்கு. 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு போனின் 20 வாட் சார்ஜரைச் சொருகினால் ஒன்று ஏறவே ஏறாது, அல்லது பளுவான வேலையின்போது சார்ஜரில் இருக்கும்போதே பேட்டரி இறங்கும். கூடவந்த சார்ஜரில் அச்சிட்டிருக்கும் வாட்டுக்குக் குறையாமல் பாருங்கள். அதிகமானால் பரவாயில்லை, லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் செய்து பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை, அதாவது கட்டளைகளை எழுதும் சாளரத்தை, திறங்கள். ஆங்கிலத்தில் 'பவர்' என்று எழுதி, இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி மூன்று எழுத்துகளையும் சேருங்கள். பிறகு ஒரு இடைவெளி, ஒரு முன்சாய்கோடு, அதை ஒட்டி 'பேட்டரி', 'ரிப்போர்ட்' என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தாற்போல். என்டர் தட்டினால் அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று காட்டும், அதை பிரவுசரில் திறக்கலாம். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: 'டிசைன் கெப்பாசிட்டி', அதாவது பேட்டரி பிறந்தபோது இருந்த அளவு, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி', இப்போது நிறைந்தால் கிடைக்கும் அளவு. முதலாவது 50,000 மில்லிவாட் மணி, இரண்டாவது 40,000 என்றால் 80 சதவீத ஆரோக்கியம் மிச்சம். மேக்கில் இதே தகவல் செட்டிங்ஸின் பேட்டரி பகுதியில் சதவீதமாகவே கிடைக்கும். வாரத்துக்கு வாரம் எண் கொஞ்சம் ஏறி இறங்கும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். 60-க்குக் கீழே போனால் பேட்டரி மாற்றும் யோசனைக்கு வரலாம்.

எண் நன்றாக இருந்தும் பேட்டரி உப்பலாம். அதனால் மாதம் ஒருமுறை லேப்டாப்பை மூடி, சமமான மேசையில் வைத்து நான்கு மூலைகளையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஆடுகிறதா, மூடி முன்பு போல ஒட்டி உட்காருகிறதா, டச்பேடின் கிளிக் திடீரென்று இறுகியிருக்கிறதா என்று கவனியுங்கள். பழையதில் டச்பேட் எழும்புவதற்குச் சில வாரங்கள் முன்பே இதில் ஏதாவது ஒன்று தெரிந்திருக்கக்கூடும். புதியதில் இன்றைக்கே அந்த அறிக்கையை எடுத்து, இரண்டு எண்களையும் தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு அது வேண்டியிருக்கும்.